வேம்பரசி லைட் எஞ்சினாகப் போன நாள்

நாணலாற்றின் வடகரையில் நடந்தது இது. தென்கரைக்காரர்களிடம் போய்க் கேட்காதீர்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்வார்கள். அவர்கள் கரையில் ஒருநாளும் தண்டவாளம் போட்டதில்லை, அந்த வயிற்றெரிச்சல் மூன்று தலைமுறையாகியும் ஆறவில்லை.

எங்கள் கரையில் பூவந்தூரிலிருந்து கடலோரத்துக் கழிமுகத்துறை வரைக்கும், ஆறு வளைந்தால் தானும் வளைந்து, ஆறு நிமிர்ந்தால் தானும் நிமிர்ந்து, ஒரு சின்ன ரயில் போய்க்கொண்டிருந்தது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு ஒருநாள் அதை நிறுத்தினார்கள். பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். அடிக்கட்டைகளை ஊர்க்காரர்கள் தூக்கிப்போய் மாட்டுக்கொட்டகைக்கு முட்டுக் கொடுத்தார்கள். பிறகு சீமைக்கருவேல் வந்தது, கருவேலுக்குப் பிறகு ஒரு கலெக்டர் வந்தார், முள்ளை வெட்டிச் செம்மண் கொட்டி, ரோலர் விட்டு உருட்டி, அங்கங்கே சிமெண்டு பெஞ்சும் வாயைப் பிளந்த பெங்குவின் குப்பைத்தொட்டியும் வைத்து, ரிப்பன் வெட்டிவிட்டு மாற்றலாகிப் போனார். நடக்கிறவர்கள் அதில் நடந்தார்கள், ஓடுகிறவள் ஓடினாள். ஓடுகிறவள் என்றால் ஒருத்திதான், எங்கள் பக்கத்து வீட்டு வேம்பரசி அக்கா. விடியுமுன் கிளம்பினால் ஆற்றின் மேல் கிடக்கும் பனியைக் கத்தரித்துக்கொண்டு போவது மாதிரி ஓடுவாள். கொக்குகள்கூட அவளுக்காகப் பறந்து ஒதுங்குவதில்லை, தெரிந்தவள்தானே என்று நின்றிருக்கும்.

நான் ரெஜினா. பன்னிரண்டாம் வகுப்பு. யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், பேசிவிடுவேன். தலைமையாசிரியர் குரலில் இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருக்கிறேன். பங்குச்சாமியார் குரலில் என் பெரியப்பாவிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டிருக்கிறேன், அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்தப் பழைய ரயிலின் சத்தமும் எனக்கு வரும், நான் அதைக் கேட்டதே கிடையாது என்றாலும். ஸ்டேஷன் டிக்கெட் கொடுத்த அறையில் இப்போது டீக்கடை வைத்திருக்கும் பாட்சா பாய், அது கன்று ஈன்ற பசு மாதிரிக் கத்தும் என்பார். மீன்காரி சம்மனசு, இல்லை, அது காலிப்பானைக்குள் ஊதின மாதிரி இருக்கும் என்பாள். இதற்காக இரண்டு பேரும் மாதத்தில் ஒருநாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள். நான் பசுவையும் பானையையும் கலந்து, கொஞ்சம் நீராவி சேர்த்து, என் தொண்டையில் ஒரு ரயிலைச் செய்து வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதகுமேல் உட்கார்ந்திருந்தேன். வேம்பக்கா ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால், சர்க்கரைக்காக டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருந்த தட்சிணாமூர்த்தி சார், பால் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குரங்குக்குல்லாய் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் சம்மனசு, கழிமுகத்துறைக்கு மீன் எடுக்கக் காலிக்கூடையோடு. அவளுக்கும் பின்னால் வேம்பக்காவின் அம்மா ராஜகுமாரி அத்தை, இட்லித் தூக்குச்சட்டியோடு. நான் சும்மா இருக்காமல் ரயில் ஊதலைக் கொடுத்தேன், தினமும் கொடுப்பதுதான். அன்றைக்கு அவர்கள் நால்வரும் கோத்துக்கொண்டார்கள். வேம்பக்காவின் வலது கால் எழுந்தபோது சாரின் வலது கால் எழுந்தது, சாரின் கால் விழுந்தபோது சம்மனசின் கால் விழுந்தது, அத்தையின் தூக்குச்சட்டி ஆடின ஆட்டம்கூட அதே தாளத்தில் ஆடியது, யாரும் யாரையும் தொடவில்லை, யாராலும் யாரையும் விட்டு விலகவும் முடியவில்லை. நான் மதகிலிருந்து குதித்துக் கடைசியில் ஒட்டிக்கொண்டேன்.

தாழைமேடு ஸ்டேஷன் இருந்த இடம் வந்ததும் எல்லாக் கால்களும் தாமாக நின்றன. பனிக்குள்ளே தட்சிணாமூர்த்தி சார் திரும்பாமலே, இங்கே இறங்கலாமா என்று கேட்டார். இறங்கலாம் என்று, பெரிய ஸ்டேஷன்களில் அறிவிப்பு சொல்கிற ஒலிபெருக்கி அம்மாள் குரலில் சொன்னேன். சம்மனசு தன் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்து, வலியே இல்லை, உட்கார்ந்து வந்த மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்து அவள் கேட்டது இதுதான்:

"நாளைக்கும் இதே நேரம்தானா புள்ள?"

ஏன், எதனால், எந்தச் சாமி என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நேரம்தான் கேட்டார்கள். ரயில் எதனால் ஓடுகிறது என்று ஊரில் யாருக்கும் எப்போதும் தெரிந்ததில்லை, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும்.

பொங்கலுக்குள் ஊர் எல்லா விதிகளையும் கண்டுபிடித்திருந்தது. முன்னால் நிற்பவர் எஞ்சின். பின்னால் கை எட்டும் தூரத்தில் நிற்பவர்கள் பெட்டி. பெட்டிகளுக்குக் களைப்பு கிடையாது, எல்லாருடைய களைப்பும் எஞ்சினுக்கே. பூவந்தூரை விட்டால் தாழைமேடு, தாழைமேட்டை விட்டால் நெட்டிவேலி, நெட்டிவேலியை விட்டால் கழிமுகத்துறை. நடுவில் இறங்க முடியாது, ஸ்டேஷனில் யாரையும் பிடித்தும் இறக்க முடியாது, தானாக இறங்கினால்தான் உண்டு. கடைசியில் நிற்பவர் கார்டு, அவர் ஊதினால்தான் வண்டி புறப்படும், அது நான். அம்மாவின் பச்சை ரவிக்கைத்துணி கொடியாயிற்று.

எஞ்சினாக யாரும் நிற்கலாம். பாட்சா பாய் ஒருநாள் நின்றார். அவர் உடம்புவாகுக்கு வண்டி கூட்ஸ் மாதிரிப் போயிற்று, ஒவ்வொரு பனைமரத்துக்கும் நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றார், பின்னாலிருந்தவர்கள் இதற்கு நடந்தே போகலாம் என்றார்கள், இறங்கத்தான் முடியவில்லை. பி.டி. மாஸ்டர் நின்றார், விசில் அடித்ததில் மூச்சு போய்விட்டது. வேம்பக்கா நின்றால் மட்டும் ஆறே கூட ஓடிவருவது போல் வண்டி போயிற்று. ஆக அவள்தான் காலை வண்டி, அவள்தான் மாலை வண்டி.

அப்புறம் எல்லாம் வந்து சேர்ந்தன, ரயில் என்றால் என்னென்ன உண்டோ அத்தனையும். ஒற்றை வரிசையில் ஓடுகிற வண்டியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் ஜன்னல்தான், இருந்தாலும் ஆற்றுப்பக்க ஜன்னல் வேண்டும் என்று சண்டை வந்தது. முதல்நாள் சாயங்காலமே வந்து செம்மண்ணில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். காலையில் பார்த்தால் பாதை நெடுக வெறும் துண்டுகளாகக் கிடக்கும், நாய்கள் அவற்றின்மேல் முறையாக வரிசையில் படுத்திருக்கும். நடுவில் பெண்கள் பெட்டி வந்தது. ராஜகுமாரி அத்தை முன்னும் பின்னும் போய் இட்லி விற்றாள். ஓடுகிற வண்டியில் பெட்டிக்குப் பெட்டி எப்படித் தாண்டினாள் என்று கேட்டால், அது பழக்கம் என்பாள். தட்சிணாமூர்த்தி சார் தினமும் ஓடியும் சர்க்கரை ஒரு புள்ளிகூட இறங்கவில்லை, ஓடினது அவர் இல்லையே. டாக்டரம்மா அவரை ஊசியும் கையுமாக முறைத்தாள். நெட்டிவேலியில் பாதையைத் தார்ரோடு குறுக்கே வெட்டுகிறது. அங்கே டவுன்பஸ்காரர் எங்களைக் கண்டால் நிறுத்திவிடுவார். ஏன் நிற்கிறது என்று உள்ளேயிருந்து எவராவது கேட்டால், கண்டக்டர் குனிந்து டிக்கெட் கிழித்தபடியே ரயில் போகிறது என்பார், கேட்டவரும் சரி என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

ஜில்லாவிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். இதற்கு அனுமதி யார் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே வேம்பக்காவின் பின்னால் கொஞ்சம் நெருங்கி நின்றுவிட்டார். நான் ஊதினேன். கழிமுகத்துறையில் இறங்கியபோது ஒரு செருப்பைக் காணோம், முகமெல்லாம் ஆற்றுக்காற்று. திரும்பும்போது ஆற்றுப்பக்கம் இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

இதில் வேம்பக்கா என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எஞ்சினிடம் யார் கேட்பார்கள்.

மாசி பிறந்ததும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பங்குனியில், எங்கள் பாதையிலேயே, பூவந்தூரிலிருந்து கழிமுகத்துறை வரை இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம், வெளியூர்களிலிருந்தெல்லாம் வருவார்கள், பெண்களில் முதல் மூன்று பேருக்குச் சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு. இருபது வயதுக்குள் இருக்க வேண்டும். வேம்பக்காவுக்குச் சித்திரையோடு இருபது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் அவளுக்குப் பந்தயம் என்பது டீவியில்தான்.

பழகுவதற்கு அவளுக்குப் பாதை கிடைக்கவில்லை. எந்த நேரத்தில் காலை வைத்தாலும், உச்சிவெயிலில் வைத்தாலும், பின்னால் எவராவது ஒரு டிபன்பாக்ஸோடு வந்து நின்று தொண்டையைச் செருமுவார்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவள் சுமப்பதெல்லாம் தன்னைத் தூக்கி வளர்த்த ஆட்களை. தார்ரோட்டில் ஓடிப் பார்த்தாள், நாய் துரத்தியது. ஆற்றுமணலில் ஓடிப் பார்த்தாள், கால் புதைந்தது. ஒருநாள் சாயங்கால வண்டி முடிந்து மதகில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் நகம் கருத்திருந்தது.

"ரெஜி, தனியா ஓடுனா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடி."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் பாட்சா பாய் குரலில், அல்லா பெரியவன், ஸ்ட்ராங்கா ஒரு டீ குடி, எல்லாம் சரியாப்போவும் என்றேன். சிரித்துவிட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"பாய் ஆறுதல் பாய்கிட்ட கேட்டுக்குறேன். நீ உன் குரல்ல ஏதாச்சும் சொல்லேன்."

யோசித்துப் பார்த்தேன். என் குரல் எது என்று உடனே அகப்படவில்லை, எங்கேயோ அடியில் வைத்துவிட்டு மேலே மற்றவர்களை அடுக்கிவிட்டேன். அதனால் தலைமையாசிரியர் குரலில், அடுத்த பீரியடில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

ஊருக்குப் பந்தயம் தெரிந்துதான் இருந்தது. கெட்ட ஊர் இல்லை எங்கள் ஊர். டீக்கடையில் கூடிப் பேசி, அன்றைக்கு வண்டி கிடையாது, பாதை முழுக்க வேம்புக்கே என்று முடிவு செய்தார்கள். கைகூடத் தட்டினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒருவரை வழியனுப்பப் போனால் நாங்கள் வாசலோடு நிற்பதில்லை, தெருமுனையோடு நிற்பதில்லை, ஸ்டேஷனோடும் நிற்பதில்லை. பையை மேலே வைத்து, ஜன்னலோரம் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, பத்திரம் பத்திரம் என்று பேசிக்கொண்டே இருந்து, வண்டி நகர்ந்ததும், சரி, அடுத்த ஸ்டேஷன் வரை வந்துதான் இறங்குவோமே என்று கூடவே போகிற ஜாதி நாங்கள். பழைய ரயில் ஓடின காலத்தில், போகிறவர்களைவிட வழியனுப்புகிறவர்கள்தான் அதில் அதிகம் போனார்களாம்.

பங்குனியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியூர் ஆட்கள் நெஞ்சில் நம்பர் குத்தி, பளபளவென்று ஷூ போட்டு, கோட்டுக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்தார்கள். வேம்பக்காவும் கோட்டுக்கு வந்தாள். அவளை வழியனுப்ப ஊர் வந்திருந்தது. ராஜகுமாரி அத்தை திருநீறு பூசினாள், சம்மனசு சிலுவை போட்டாள், பாட்சா பாய் ஓதி ஊதிவிட்டார், தட்சிணாமூர்த்தி சார் டாக்டர் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கன்னத்தைத் தொட்டார்கள், ஆளாளுக்கு ஒரு புளிசாதப் பொட்டலம், ஆளாளுக்கு ஒரு வார்த்தை. கையை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, கையை எடுக்காமலே பின்பக்கமாக வரிசையில் நகர்ந்து நின்றுகொண்டார்கள். துப்பாக்கி வெடித்தது. வெளியூர்ப் பெண்கள் பாய்ந்து போனார்கள். பூவந்தூர் மொத்தமும் வேம்பக்காவின் பின்னால் கோத்துக்கொண்டது.

நான் கடைசியில் ஓடிப்போய் ஒட்டினேன், அன்றைக்குத் துப்பாக்கிச் சத்தமே ஊதலாகிவிட்டது. முன்னாலிருந்து பாட்சா பாய் திரும்பாமலே சத்தம் போட்டுச் சொன்னார், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தானே புள்ள, இறங்கிடுவோம் என்று. அவருக்கு முன்னால் இருந்தவரும் அதையே சொன்னார். வரிசை நெடுக அதே பேச்சாக இருந்தது.

அத்தனை நீளமான வண்டி அதற்குமுன் ஓடியதில்லை. எஞ்சின் மதகைத் தாண்டியபோது கார்டு நான் இன்னும் டீக்கடையருகே இருந்தேன். மெதுவாக, மிக மெதுவாக, ஆற்றில் எருமை இறங்குகிற வேகத்தில் போனோம். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், எங்களைத் தாண்டப் பார்த்துக் கொஞ்சம் ஒட்டி வந்ததில் சம்மனசுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். சற்று நேரம் திமிறினான், பிறகு இட்லி சாப்பிட்டான், பிறகு எந்த ஸ்டேஷன் நல்ல ஸ்டேஷன் என்று விசாரித்தான். முன்னால் போன பெண்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள். வளைவில் வண்டி திரும்பியபோது எனக்கு வேம்பக்காவின் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பல்லைக் கடித்து நான் பார்த்ததில்லை.

தாழைமேட்டில் வண்டி நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. இன்னும் ஒரு ஸ்டேஷன்தான், நெட்டிவேலியில் கட்டாயம் இறங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள், அன்பாகத்தான் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அரித்தது.

முதலில் பி.டி. மாஸ்டர் விசிலை அடித்து, அவர் குரலில் கலைந்து போ என்றேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனையும் பழக்கதோஷத்தில் பாதையை விட்டுச் சிதறின. அடுத்தது டாக்டரம்மா: போதும் சார், இன்னைக்கு இவ்வளவுதான் உங்க ஹார்ட் தாங்கும். தட்சிணாமூர்த்தி சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பணிவாக இறங்கி, நன்றி டாக்டர் என்று ஒரு பெங்குவின் தொட்டியிடம் சொன்னார். சம்மனசுக்கு அவளுடைய ஜென்ம எதிரியான பெரியதெரு பவுலம்மாளின் குரல்தான் சரி. சம்மனசு இனிமே வராது, அது வேம்பு பின்னாடி பட்டணம் போயிருச்சு, வஞ்சிரம் வேணுங்கிறவுங்க என்கிட்ட வாங்க, என்று இழுத்து இழுத்துக் கூவினேன். நான் கூவி முடிக்கவில்லை, சம்மனசு இறங்கிக் கூடையை இடுப்பில் வைத்து ஊர்ப்பக்கம் நடையைக் கட்டியிருந்தாள். பாட்சா பாய்க்கு அவர் பீவி குரலில் பால் பொங்கிவிட்டது என்று சொன்னேன். முப்பது வருஷத்தில் அவர் ஒருநாளும் பாலைப் பொங்கவிட்டதில்லை, பாவம், அந்த உடம்போடு குதித்தே விட்டார்.

இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக இறக்கினால் பந்தயம் முடிந்துவிடும். அப்போதுதான் ஆண்டவர் எனக்கு வழி காட்டினார், அல்லது பசி காட்டியது. ஒலிபெருக்கி அம்மாளைத் தொண்டைக்குக் கொண்டுவந்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சூடான டீயும் வடையும் நடைமேடையில் கிடைக்கும். வண்டி இங்கே சிறிது நேரம் நிற்கும்."

நம் ஆட்களை எந்த ரயிலிலிருந்தும் இறக்கிவிட அது போதும். துண்டை இடத்தில் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று பக்கத்தில் சொல்லிவிட்டு, ஆண்கள், பெண்கள், கோயம்புத்தூர்ப் பையன், அத்தனை பேரும் இறங்கி டீ எங்கே என்று பார்த்தார்கள். நான் பசுவையும் பானையையும் சேர்த்து ஊதினேன். பின்னால் பெரிய கூப்பாடு எழுந்தது. கொஞ்சதூரம் ஓடிவந்தார்கள், கையை நீட்டினார்கள், ஓடுகிற ரயிலை விட்டவர்கள் எப்போதும் செய்வதைப்போல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

வண்டியில் இப்போது எஞ்சின், ஒரு பெட்டி, ஒரு கார்டு. அந்தப் பெட்டி ராஜகுமாரி அத்தை. டீ அறிவிப்புக்கு அவள் அசையவில்லை, வண்டியிலேயே இட்லி விற்கிறவளை டீ, வடை என்று சொல்லி இறக்க முடியுமா. வேம்பக்கா வேகம் எடுத்தாள், ஆறும் வேகம் எடுத்தது, கரைநாணல் எல்லாம் பின்னால் சாய்ந்தது. ஆனாலும் பாரம் பாரம்தான். அத்தை மகளின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், ஈரத்தில் ஒட்டியிருந்த முடியை ஒருதரம் ஊதிவிட்டாள்.

நெட்டிவேலியில் டவுன்பஸ் எங்களுக்காக நின்றிருந்தது. நாங்களும் நின்றோம். அத்தைக்கு எந்தக் குரல் என்று எனக்கு வழியெல்லாம் யோசனை. அவள் புருஷன் குரல் எனக்குத் தெரியும், இறந்தவர் குரலை விளையாட்டுக்கு எடுப்பதில்லை. வேறு ஒன்றுதான் இருந்தது, அதை அவள் எதிரில் ஒருநாளும் பேசிக்காட்டியதில்லை. டெலிபோனில் தூரத்திலிருந்து வருகிற மாதிரிக் கொஞ்சம் மெலிதாக்கி, வேம்பக்காவின் குரலை எடுத்தேன்.

"அம்மா, நல்லபடியா வந்து சேந்துட்டேன். ரூம்ல ஃபேன் இருக்கு. சாப்ட்டேன். நீ வீட்டுக்குப் போம்மா."

முன்னால் வேம்பக்காவின் தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. பஸ்ஸில் கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார்.

"என்ன சாப்ட்டே?" என்று அத்தை கேட்டாள்.

"சப்பாத்தி. நீ வச்ச குழம்பு மாதிரி வரல."

"எப்படி வரும்," என்றாள் அத்தை. தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். பாதையை விட்டு இறங்கிப் பஸ்பக்கம் போனவள், என்னிடம் வந்து நின்றாள்.

"நீதான்னு தெரியும்டி. வாரத்துக்கு ஒருக்கா இப்படிப் பேசு."

பஸ்ஸில் ஏறி, ஆற்றுப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

மீதி நான். பெட்டி எதுவும் இல்லாமல் தனியாகப் போகிற எஞ்சினுக்கு ரயில்காரர்கள் லைட் எஞ்சின் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கார்டும் கிடையாது, பச்சைக்கொடி காட்டி அனுப்பிவிட்டால் காற்று மாதிரிப் போகும் என்று டீக்கடையில் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். என்னை இறக்க ஒரு குரல் வேண்டும். அம்மா குரலைப் போட்டுப் பார்த்தேன், நான் அம்மா பேச்சை எப்போது கேட்டேன். தலைமையாசிரியர், பங்குச்சாமியார், ஒலிபெருக்கி அம்மாள் என்று ஒவ்வொருவராக வந்து என்னை இறங்கச் சொன்னார்கள், எல்லாரும் நானே என்று எனக்குத் தெரிந்ததால் கால் அசையவில்லை. மதகில் இனி யாரோடு உட்காருவது என்று அப்போது போய் நினைத்துத் தொலைத்தேன். வேம்பக்கா திரும்பவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை, மூச்சை மட்டும் சீராக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகையே பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஒரு காலை எடுத்துப் பாதைக்கு வெளியே வைத்தேன், அடுத்ததையும் வைத்தேன், ரவிக்கைத்துணியைத் தூக்கினேன், ஊதுவதற்கு வாயைத் திறந்தேன். பசுவும் வரவில்லை, பானையும் வரவில்லை. துருப்பிடித்த தகரக்கதவு திறந்த மாதிரி ஒரு சின்னக் குரல் வந்தது.

"போய்ட்டு வாக்கா."

வேம்பக்கா சட்டென்று திரும்பினாள்.

"யாரு?"

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் நடித்துக்காட்ட மாட்டேன். பிறகு முன்னால் திரும்பினாள், போய்விட்டாள். போனாள் என்றால் காலை எடுத்தது தெரியவில்லை, வைத்தது தெரியவில்லை. செம்மண் எழும்பி அவள் பின்னால் நீளமாக, வெள்ளையாக, புகைபோல் போயிற்று. தாழம்புதர் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டது. நாணலாறு அவளுக்குச் சமமாக ஓடிப் பார்த்து, கழிமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடியாமல் விரிந்துகொண்டது. அப்போது ஒரு ஊதல் கேட்டது. நீளமாக, இரண்டு கரையையும் தடவிக்கொண்டு. நான் ஊதவில்லை, என் வாய் மூடியிருந்தது, பஸ்ஸிலிருந்தவர்கள் சாட்சி. அது பசு மாதிரியும் இல்லை, பானை மாதிரியும் இல்லை. தென்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, எப்போது உங்களுக்கு மறுபடி ரயில் விட்டார்கள் என்று தண்ணீருக்கு மேலாகக் கத்திக் கேட்டார்கள்.

வேம்பரசி இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்த பெண், பின்னால் ரயில் வருகிறது என்று நினைத்துத்தான் அவ்வளவு வேகமாக ஓடினேன் என்று மைக்கில் சொன்னாளாம்.

இப்போதும் வண்டி ஓடுகிறது. பாட்சா பாய்தான் எஞ்சின், வேறு ஆள் இல்லை. ஒவ்வொரு பனைமரத்துக்கும் நிற்கிறது, எப்போதும் தாமதம், ஆனால் அவர் உடம்பு பாதியாகிவிட்டது, டாக்டரம்மா அவரைக் காட்டித்தான் தட்சிணாமூர்த்தி சாரைத் திட்டுகிறாள். ஞாயிறுதோறும் நான் அத்தை வீட்டுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, சாப்பிட்டேன் என்று சொல்வேன். அதற்கு முந்தின அரைமணி நேரம் வேம்பக்காவே போனில் பேசியிருப்பாள், இருந்தாலும் நானும் போக வேண்டும்.

தீபாவளிக்கு அவள் வந்தாள். காலை வண்டிக்கு ஸ்டேஷனில் அவளைக் கண்டதும், வரிசை முழுக்க ஒதுங்கி, முன்னால் எஞ்சின் இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். பாட்சா பாய் ஆசையாக நகர்ந்தே நின்றுவிட்டார். அவள் அந்த இடத்துக்குப் போகாமல், வரிசையின் ஓரமாகவே பின்னால் வந்து, எனக்கு முன்னால் செம்மண்ணில் தன் துண்டை உதறிப் போட்டாள். ஆற்றுப்பக்கம்.

"வண்டிய எடுக்கச் சொல்லு ரெஜி," என்றாள். "உன் குரல்ல."

சொன்னேன். வண்டி கிளம்பிற்று, தாமதமாகத்தான்.